மோட்டார் சூடு

கஞ்சி மாமாவின் மோட்டாருக்கு நான் சீல் வைத்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. இஸ்திரி கலையாத சட்டை, கழுத்துவரை பொத்தான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி நின்றார். துணிக்குக் கஞ்சி போடுவதில் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை, அதனால் அந்தப் பெயர். ஆளும் அப்படித்தான், குனிந்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று பயப்படுகிறவர்.

ஸ்விட்ச் பெட்டியின் கைப்பிடியில் கம்பியைச் சுற்றி, ஈயக் குண்டைக் கோத்து, இடுக்கியால் நெரித்தேன். துறையின் முத்திரை பதிந்தது. அப்போதுதான் பேசினார்.

"அடுத்தது உங்க வீடுதானே?"

"ஆமா மாமா."

"நானும் வரேன். எனக்கு இனிமே வேற என்ன வேலை?"

எங்கள் தெருவில் எல்லாம் சலவைக் கூடங்கள். விடுதிகளின் திரைச்சீலை, ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, ஹாஸ்டல் பிள்ளைகளின் போர்வை, எல்லாம் இங்கேதான் வந்து குவியும். ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலும் ஒரு கிணறு, ஒரு மோட்டார், வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள். நான் படித்தது, கட்டிய பீஸ், பட்டமளிப்பு அன்று போட்டுக்கொண்ட செருப்பு, எல்லாமே எங்கள் கிணற்றிலிருந்து இறைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் நான். நிலத்தடி நீர்த் துறையில் வேலை கிடைத்தபோது அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள், "எங்க கிணத்துத் தண்ணியே போய் ஆபீஸ்ல உக்காந்திருக்கு" என்று.

மழை சரியாகப் பெய்யாமல் போனதும் துறை ஒரு விதி கொண்டுவந்தது. கிணறுகளை அளக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலமே எல்லாரும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். ஒரு இரவு இறைக்காமல் விட்டால்தான் கிணற்றில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். இறைத்துக்கொண்டிருக்கும் கிணற்றை அளப்பது ஓடிக்கொண்டிருப்பவனை நிறுத்தாமல் நாடி பார்ப்பது மாதிரி. யார் நிறுத்தினார்கள், யார் ஏமாற்றினார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். மோட்டார் மேல் கை வைத்தால் போதும். சூடாக இருந்தால் சீல். மழை பெய்து மறுபடி அளக்கும்வரை அந்த மோட்டார் ஓடக்கூடாது.

இந்த விதியை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஒவ்வொரு வருடமும் இந்தத் தெருவின் தண்ணீர் எவ்வளவு கீழே போகிறது என்று ஆபீஸ் பதிவேட்டில் பார்த்தவள் நான். 'என் இடம், என் கிணறு' என்று ஆளாளுக்கு உறிஞ்சினால் கடைசியில் எல்லாரிடமும் இடம் மட்டும்தான் இருக்கும். அம்மாவிடம் இதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். எங்கள் தெருவில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். தெருக்கோடியில் அரசாங்கத்தின் தண்ணீர் லாரி நிலையம். அங்கே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து லாரிகளுக்கு இறைக்கும் பெரிய மோட்டாரின் இரைச்சல் பகலும் ராத்திரியும் நிற்காது. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஓடுகிறது.

அம்மா பின்கட்டில் நின்றிருந்தாள். தொட்டிகள் நிறைய ஆஸ்பத்திரி விரிப்புகள் சோப்பு நுரைக்குள் ஊறிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க அதிகாரியம்மா. வாங்க சார். உக்காருங்க, மோர் தரட்டுமா?"

என்னோடு வந்த எங்கள் அதிகாரி ஓய்வுபெறப் போகிறவர். வெயிலைக் கண்டால் அவருக்கு ஆகாது. "எதுவும் வேணாம்மா, சீக்கிரம் முடிச்சுடுவோம்" என்று சொல்லிவிட்டு நிழலில் நின்று கைப்பேசியை எடுத்தார். கஞ்சி மாமா வாசற்படியில் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பெற்ற தாயின் கிணற்றை மகள் எப்படி அளப்பாள் என்று பார்க்க வந்த கூட்டம்.

நான் மோட்டார் அறைக்குள் குனிந்து போனேன். மோட்டாரின் மேல் ஒரு ஈரத்துண்டு கிடந்தது.

எதற்காக என்று ஒரு கணம் புரியவில்லை. துண்டை எடுத்தேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். வாசலை மறைத்தபடி.

"எதுவரைக்கும் ஓட்டின?" என்றேன்.

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்திட்டேன்டி."

"நேத்து சாயங்காலமே நிறுத்துன்னு சொன்னேன்ல? ரெண்டு தடவை போன் பண்ணிச் சொன்னேன்ல?"

"ஆஸ்பத்திரி வண்டி திடீர்னு வந்து மூட்டையை இறக்கிட்டுப் போயிட்டான். நாளைக்குக் குடுக்கணும். குடுக்கலைன்னா மிஷின்ல துவைக்கற கம்பெனிக்காரன் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். அப்புறம் இந்த ஆஸ்பத்திரி நமக்கு இல்லை."

"அதுக்காக?"

"அளக்க வர்றது நீதானே."

சாதாரணமாகச் சொன்னாள். பால்காரன் வந்தாச்சா என்று கேட்பது மாதிரி. அளக்க வருவது நான் என்பதால்தான் இரண்டு தடவை போன் செய்தேன். அளக்க வருவது நான் என்பதால்தான் அம்மா கவலையே படாமல் மோட்டாரைப் போட்டிருக்கிறாள்.

"வேற யாராவது வந்திருந்தா?"

"வேற யாராவது வந்தா நான் ஏன் ஓட்டப் போறேன்? போன வருஷம் ஓட்டினேனா? அதுக்கு முந்தின வருஷம் ஓட்டினேனா?"

ஓட்டவில்லை. அதுதான் உண்மை. முன்பின் தெரியாத அதிகாரிக்குப் பயந்து ஒழுங்காக நிறுத்தியவள், மகள் வருகிறாள் என்றதும் ஓட்டியிருக்கிறாள். எனக்கு அந்த ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"கரண்டு இருக்கற இடத்துல ஈரத்துணியைப் போட்டிருக்கே. ஷாக் அடிச்சிருந்தா?"

"அடிக்கலைல்ல." குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. ஆறியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. காசா பணமா? அந்த மனுஷன் குனிஞ்சு உள்ள வரமாட்டாரு. முட்டி வலியாம், வாசல்லயே சொன்னாரு."

அதுவும் உண்மை. காலையிலிருந்து ஒரு மோட்டாரையும் அவர் தொடவில்லை. நான் சொன்னால் அவர் தலையாட்டுவார். இன்றைக்குத் துறையின் கருவி என் உள்ளங்கைதான். அதைப் பொய் சொல்ல வைப்பது எவ்வளவு சுலபம் என்று அந்த இருட்டு அறைக்குள் நன்றாகத் தெரிந்தது. அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். சோப்பில் ஊறி நுனிகள் சுருங்கி, வெளுத்து. என் கல்லூரிக் காலம் முழுக்க அவை அப்படித்தான் இருந்தன.

வெளியே கஞ்சி மாமாவின் இருமல் கேட்டது. வேண்டுமென்றே இருமிய இருமல்.

"என்னம்மா, பார்த்தாச்சா?" என்றார் அதிகாரி.

"பார்த்துட்டேன் சார். சூடா இருக்கு."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாசலிலிருந்து விலகி வழிவிட்டாள், ஒரு வெளி ஆளுக்கு விடுவது மாதிரி.

அதிகாரிக்குத்தான் சங்கடம். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார், மறுபடி எடுத்தார். "ஏம்மா... உங்க அம்மா வேற. வேணும்னா பக்கத்துத் தெருவை முடிச்சுட்டு மத்தியானமா வந்து பார்ப்போமா?"

"சார், எனக்கும் மத்தியானமா வந்திருக்கலாமே" என்றார் கஞ்சி மாமா. "எனக்கு அரசாங்கத்துல மக இல்லைன்னு காலைலயே வந்துட்டீங்களா?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். நான் பையிலிருந்து கம்பியையும் குண்டையும் எடுத்தேன். கம்பி இரண்டு தடவை நழுவியது. அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"நல்லா நெரி. பதியலைன்னா அரசாங்கம் கோவிச்சுக்கும்."

நெரித்தேன்.

"இந்த இடம் யாருது?" என்று அதிகாரியைக் கேட்டாள் அம்மா. கத்தவில்லை. அது இன்னும் மோசம். "நானும் இவ அப்பாவும் வெட்டின கெணறு. அவரு உள்ள நின்னு வெட்டினாரு, நான் மேல நின்னு மண்ணு தூக்கினேன். இவ வயித்துல இருந்தா. அப்ப எந்த அரசாங்கமும் வந்து ஒரு கூடை மண்ணு தூக்கலை. இப்ப ஈயத்தைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க."

"இடம் உங்களுதுதாம்மா. தண்ணி எல்லாருக்கும் பொது. உங்க கிணத்துல இறைச்சா பக்கத்து வீட்டுக் கிணத்துல இறங்குது. அதை யாராவது பார்க்கணும்ல?"

"பாருங்க. நல்லா பாருங்க. தெருக்கோடில ஒண்ணு ஓடுதே, அது எந்தக் கிணத்துல இறங்குது? அதுல என்னிக்காவது கை வெச்சுப் பார்த்திருக்கீங்களா? வெக்கறதுன்னா துணியைச் சுத்திக்கிட்டு வைங்க, சுட்டுடும்."

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியை ஆபீசில் நான் கேட்டிருக்கிறேன். பதிவேட்டில் லாரி நிலையத்துக்கு நேராக ஒவ்வொரு வருடமும் 'விலக்கு' என்று ஒரே வார்த்தைதான் இருக்கும். குடிநீர் என்பதால் விலக்கு. பொதுநலம் என்பதால் விலக்கு. நியாயமான வார்த்தைகள்தான். ஆனால் அங்கே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக்கூடாது என்பதில் என்ன பொதுநலம் இருக்கிறது?

"சார், அங்கயும் அளந்துடலாம்" என்றேன்.

"எங்க?"

"நிலையத்துல."

"விளையாடாத. அது நம்ம இடம்."

"அதனாலதான் சார். இந்தத் தெருவுல இருக்கற எல்லாக் கிணத்தையும் அளக்கணும்னுதான் உத்தரவு. அது இந்தத் தெருவுலதான் இருக்கு."

"பாதி ஊரு அதைத்தான் குடிக்குது. தெரியும்ல? எங்க வீட்டுக் குழாய்ல காத்துதான் வருது. என் பேரன் அந்த லாரித் தண்ணிலதான் குளிக்கிறான். அதை நிறுத்தச் சொல்றியா?"

"நிறுத்தச் சொல்லலை. அளக்கச் சொல்றேன். அளக்கமாட்டீங்கன்னா இந்த ரெண்டு சீல் கம்பியையும் நானே வெட்டிடறேன். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க."

ஒரு வேலை என்பது எங்கள் வீட்டில் என்ன என்று எனக்குத் தெரியும். அதிகாரி கையை நீட்டினார்.

"இடுக்கியைக் குடு."

நான் கொடுக்கவில்லை. நடந்தேன். தெருவும் கூடவே நடந்தது. கஞ்சி மாமாதான் எல்லாருக்கும் முன்னால், கைகளைப் பின்னால் கட்டியபடி. திரும்பிப் பார்த்தேன். அம்மா கடைசியில் வந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்க்காமல். அதிகாரியும் வந்தார். முட்டி வலியோடு, யாரையோ திட்டிக்கொண்டே.

நிலையத்தில் ஒரு லாரி நிரம்பிக்கொண்டிருந்தது. நிரம்பியும் போயிருந்தது. மேல் மூடி வழியாகத் தண்ணீர் பக்கவாட்டில் இறங்கி, மண்ணில் ஓடி, சாக்கடையில் விழுந்தது. ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து முதல் காரியமாக வால்வை மூடினார்.

"அளக்கணும். மூடியைத் திறங்க" என்றேன்.

"சார் சொன்னாத் திறக்கறேன்."

எல்லாரும் அதிகாரியைப் பார்த்தோம். அவர் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை. அவர் வீட்டுக் குழாயை நினைத்தாரோ என்னவோ.

"திற" என்றார்.

அளவு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்தேன். தண்ணீர் பட்ட இடத்தில் சாக்பீஸ் நிறம் மாறும். அதை வைத்துத்தான் மட்டம் தெரியும். மோட்டார் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடச் சரியாகக் கேட்கவில்லை. நாடாவை இறக்கினேன். எங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பாதி நாடா போதும். இங்கே இறங்கிக்கொண்டே இருந்தது. கைப்பிடிச் சுருள் காலியாகி, நாடாவைப் பூட்டியிருக்கும் ஆணி வெளியே தெரிந்தது. அதற்கு மேல் விட ஒன்றும் இல்லை.

சுருட்டி மேலே எடுத்தேன். சாக்பீஸ் பூசியது பூசியபடி, மாவு மாதிரி உலர்ந்து வெள்ளையாக இருந்தது.

"என்ன?" என்றார் கஞ்சி மாமா.

"எட்டலை."

"அப்படின்னா?"

"நம்மகிட்ட இருக்கற நாடாவுக்குத் தண்ணி எட்டலை."

அதுவரை தெருவில் எல்லாரும் அடுத்த வீட்டுக்காரனைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். கஞ்சி மாமா எங்கள் தண்ணீரை உறிஞ்சுகிறார் என்று அம்மா, அம்மா தன் தண்ணீரை உறிஞ்சுகிறாள் என்று மாமா. இந்தப் பள்ளத்துக்குத்தான் எல்லாக் கிணற்றுத் தண்ணீரும் சரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அதிகாரி நாடாவின் நுனியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளை ஒட்டியது. "ஓடிக்கிட்டிருக்கறப்ப அளந்தா அப்படித்தான் காட்டும்" என்றார். குரலில் உறுதி இல்லை.

"சரிதான் சார். அதுக்குத்தானே விதி. ஒரு ராத்திரி நிறுத்திட்டு அளக்கணும்."

"ஒரு ராத்திரி நிறுத்தினா காலைல ஊரே என் வீட்டு வாசல்ல நிக்கும்."

"என் வாசல்ல ஆஸ்பத்திரி நிக்கும்" என்றாள் அம்மா. "வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து நிப்போம்."

கைக்குட்டையால் விரலைத் துடைத்தபடி அதிகாரி ஆபரேட்டரிடம் சொன்னார். "சாயங்காலம் நிறுத்திடு. ஒரே ராத்திரி. காலைல இந்தப் பொண்ணு வந்து அளந்ததும் போட்டுடு." பிறகு என்னிடம் திரும்பி, "இன்னிக்கு நீ என்கிட்ட பேசின பேச்சுக்கு ஒரு மெமோ வரும்" என்றார்.

"வரட்டும் சார்."

"வரும்."

சீல்கள் அப்படியே இருந்தன. அதில் எந்த மாற்றமும் இல்லை. அம்மாவின் தொட்டிகளில் விரிப்புகள் சோப்போடு கிடந்தன, அலசத் தண்ணீர் இல்லாமல். நான் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அம்மா தட்டில் சாப்பாட்டைப் போட்டுச் சத்தத்தோடு வைத்தாள், அவ்வளவுதான்.

மத்தியானம் சாய்ந்ததும் கஞ்சி மாமா வந்தார், தோளில் ஒரு ரப்பர் குழாய்ச் சுருளோடு. சட்டை கசங்கியிருந்தது. நான் பிறந்ததிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"எங்க மேல்தொட்டி ரொம்பியிருக்கு" என்றார் அம்மாவிடம். "ராத்திரி முழுக்க எதுக்கு ஓட்டினேன்னு நினைச்சே? உம் மக சீல் வெச்சது மோட்டாருக்கு. தொட்டிக்கு இல்லை."

"உங்க துணிக்கு?"

"என்னுது திரைச்சீலை. ஒரு வாரம் அழுக்கா தொங்கினா யாரும் செத்துடமாட்டாங்க. உன்னுது ஆஸ்பத்திரித் துணி." குழாயைச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டார். என்னைப் பார்த்து, "உனக்காக இல்லை. உனக்கு நான் ஒரு சொட்டு தரமாட்டேன்" என்றார்.

"சரி மாமா."

"என் மோட்டாருக்கு மட்டும் சீல் வெச்சிருந்தா இந்நேரம் உங்க வீட்டுக் கண்ணாடி ஒண்ணும் மிஞ்சியிருக்காது. ஞாபகம் வெச்சுக்க."

அம்மா அலச ஆரம்பித்தாள். விரிப்பு பெரியது. அலசியதைத் தனியாளாகப் பிழிய முடியாது. ஒருவர் ஒரு முனை, மற்றவர் மறுமுனை, ஆளுக்கொரு பக்கமாக முறுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து மறுமுனை என்னுடையது. அம்மா ஒரு விரிப்பைத் தூக்கி, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு தனியாகவே முறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு முனையை என் பக்கம் வீசினாள். ஈரத்தோடு வந்து நெஞ்சில் அடித்தது.

"பிடி."

பிடித்தேன். அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். துணி கயிறாகித் தண்ணீர் கொட்டியது. அவள் பலத்துக்கு என் மணிக்கட்டு திரும்பியது. இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே திருகினாள்.

நாலைந்து விரிப்பு முடிந்திருக்கும். "இன்னும் முறுக்குடி" என்று கத்தினாள். அந்தக் குரல் தெருவின் அந்தக் கோடிவரை போய் எதிரொலித்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிலையத்து மோட்டார் நின்றிருந்தது.

சுவரில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. கஞ்சி மாமா தன் வீட்டுக்குள் யாரிடமோ உப்பு எங்கே என்று விசாரித்தது, பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி காதில் விழுந்தது. எங்கள் தெருவுக்கு இத்தனை சத்தங்கள் உண்டு என்று எனக்குத் தெரியாது.

அம்மா விரிப்பின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"காலைல அங்க அளக்கறது நீதானே?" மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசும் குரல் எனக்குப் புதிது.

"நான்தான்."

"ராத்திரி நிறுத்தியும் எட்டலைன்னா?"

"எட்டலைன்னு சொல்லுவேன்."

"அவங்களுக்கும் சீல் வெப்பியா?"

"வெக்கணும்."

"அப்ப ஊரு என்ன குடிக்கும்?"

அதை நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, ஆபீசிலும் யாரும் சொன்னதில்லை. அம்மா ஒரு கிண்டலாவது செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த விரிப்பின் முனையை நீட்டினாள். இந்தத் தடவை வீசவில்லை.

முறுக்கத் தொடங்கும் முன் காலால் ஒரு காலி வாளியை நகர்த்திக் கொண்டுவந்து விரிப்புக்குக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் பிழிந்த தண்ணீரை அவள் பிடித்துவைத்து நான் பார்த்ததில்லை.

"பார்த்துட்டே நிக்காதே" என்றாள். "முறுக்கு."